கூப்புடறது நம்ம வேலைங்க

அந்த சிஸ்டரைப் பற்றிப் பங்குத்தந்தைக்கு மொட்டைக் கடிதாசி போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். படிக்கிற எங்கள் ஊர்க்காரர் யாராவது, 'இந்த உபதேசியாருக்கு வெக்கமே இல்லியா' என்று கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டால் பாதிப் பாவம் தீரும்.

மொட்டைக் கடிதாசி எழுதவும் கொஞ்சம் மூளை வேண்டும். உபதேசியார் என்றால் கோயிலில் ஜெபம் சொல்லித் தருகிறவர், ஃபாதருக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறவர், ஏடு எழுதுகிறவர். முப்பது வருஷமாக எங்கள் கோயிலின் ஞானஸ்நான ஏடு, கல்யாண ஏடு, சாவு ஏடு மூன்றும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அதே பேனாவில், அதே சாய்ந்த எழுத்தில் மூன்று பக்கம் எழுதி, 'இப்படிக்கு, ஒரு உண்மையான கத்தோலிக்கன்' என்று முடித்துத் தபாலில் சேர்த்தேன். மூன்றாம் நாள் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஞானஸ்நான ஏடு விரித்திருந்தது, பக்கத்தில் என் கடிதம்.

"உபதேசியாரே, இந்த உண்மையான கத்தோலிக்கன் எழுத்து உங்க எழுத்து மாதிரியே அழகா இருக்குதுங்களே" என்றார்.

சட்டைப் பையில் இருந்த பேனாவை உள்ளே தள்ளி மறைத்தேன். 

சிஸ்டரின் பெயரை இங்கே எழுதவில்லை. மடத்துக்காரர்களுக்கு அது பிடிக்காது. எங்கள் ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர் விலக்கில் ஒரு சின்ன மடம், அதை ஒட்டி ஒரு மருந்தகம். மடத்தில் இரண்டு மலையாள சிஸ்டர்கள் இருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் இவர். ஆப்பிரிக்காவில் கானா தேசம். கொக்கோ விளைகிற ஒரு கிராமத்தில் பிறந்து, மடத்தில் சேர்ந்து, சபைக்காரர்கள் அனுப்பி இங்கே வந்தவர். மற்ற இருவரும் எங்களுக்கு 'சிஸ்டர்'. இவர் 'எங்க சிஸ்டர்'. அந்த 'எங்க' அவருக்குச் சும்மா கிடைத்ததல்ல.

வந்த புதிதில் ஊர் அவரை வேடிக்கை பார்த்தது. நல்ல உயரம், நல்ல கறுப்பு. எங்கள் ஊரில் மட்டும் யார் வெள்ளையாம்? ஆனாலும் ஒரு பெரியவர், வெயிலில் காய்ந்து அடுப்புக்கரி நிறத்தில் இருப்பவர், மருந்தகப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, ஏன் இத்தன கறுப்பா இருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். சிஸ்டருக்கு அப்போது தமிழ் அரைகுறை. பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் கையை அவர் கையோடு சேர்த்து வைத்தார். "எது உங்களுது, எது எனக்குது?" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மோதரம் போட்டிருக்கறது உங்களுது" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஊரை ஒரே நாளில் அவர் கைக்குள் போட்டுக்கொண்டது கோயில் திருவிழாவில். கோழி பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் போட்டுப் பெரிய உபசாரம் செய்தோம். அவர் சமையல்காரர்கள் பக்கம் பார்த்தார். அவர்கள் தங்களுக்காக ராகிக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். பிரியாணித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். களியைக் கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் ஒரே விழுங்கு. தர்மபுரிப் பக்கம் வருகிற வெளியூர் மாப்பிள்ளைகளுக்கு இது வராது, பல்லில் ஒட்டிக்கொண்டு திண்டாடுவார்கள். இவர் நாலு உருண்டை விழுங்கிவிட்டு, "எங்க வூட்லயும் இதேதாங்க. பேரு மட்டும் வேற" என்றார். சமையல்காரி ஐந்தாவது உருண்டையைக் கேட்காமலே வைத்தாள்.

தமிழையும் அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. மருந்தகத்துக்கு வருகிறவர்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் 'வீடு' வரவே வராது, 'வூடு'தான். ஓகேனக்கல் பக்கத்துக் கன்னடக்காரர்கள் வந்தால் 'பன்னி, கூத்துக்கொள்ளி' என்று அவர்கள் பேச்சிலேயே வாங்க, உட்காருங்க என்பார். திருச்சியிலிருந்து வந்த ஒரு ஃபாதரைப் பார்த்து, "நீங்க பேசற தமிழு எனக்குப் புரியலைங்க, எங்கூருத் தமிழ்ல பேசுங்க" என்று சொன்னதை நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

மருந்தகத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் "என்ன சேதிங்க?" என்று கேட்பார். கையில் ரத்தம் ஒழுகிக்கொண்டு வந்தால் கட்டுப் போட்டுக்கொண்டே தண்ணீர் கொடுப்பார். "வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம சேதி கேட்டா, எங்க தாத்தா அடிப்பாரு" என்பார். தாத்தா எங்கேயோ கானாவில், செத்துப் பல வருஷம். ஆனால் அவர் அடிப்பார் என்பதில் சிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை.

இங்கேதான் எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது.

தினமும் காலையில், ஆறரைப் பூசை முடிந்து மடத்துக்குப் போனதும், அவர் தண்ணீரோ டீயோ எதைக் குடிப்பதற்கும் முன்னால் மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடிக்குப் போவார். செருப்பைக் கழற்றிவிடுவார். டம்ளரில் இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊற்றிக்கொண்டே தன் மொழியில் பெயர்களைச் சொல்வார். தாத்தா, பாட்டி, சின்ன வயதில் செத்த ஒரு தங்கை, இப்படி. கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டு மீதித் தண்ணீரைக் குடிப்பார். இரண்டு வருஷத்தில் அந்த வரிசையில் எங்கள் ஊர்ப் பெயர்களும் சேர்ந்தன. மருந்தகத்துக்கு வந்து போய், பிறகு இறந்துபோனவர்கள். அதில் பாதிப் பேர் இந்துக்கள்.

நான் ஒருவன்தான் முகம் சுளித்தேன். ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. சிஸ்டருக்கு மந்திரம் தெரியும் என்று பேச்சுப் பரவிவிட்டது. சிங்காரப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்தார்கள். கையில் எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு. "கொழந்த பயந்துக்கிச்சுங்க, மந்திரிச்சு வுடுங்க" என்பார்கள். சிஸ்டர் தண்ணீர் கொடுப்பார். குழந்தையின் தாத்தா பேர், ஆயா பேர் கேட்பார். அந்தப் பேர்களை ஒருமுறை சொல்லி, குழந்தை நெற்றியில் சிலுவை போட்டு, பிறகு வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்து, உள்ளே நர்ஸாக இருந்த மலையாள சிஸ்டரிடம் அனுப்புவார். மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள், காய்ச்சல் இறங்கும். பேர் மந்திரத்துக்குப் போகும். எலுமிச்சம்பழங்களை மடத்தில் ஊறுகாய் போட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். வேடியப்பன் விஷயத்தில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. மடத்து நிலத்தின் ஓரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. வில்லும் கையுமாக ஒரு ஆள், பக்கத்தில் இரண்டு மாடு. எங்கள் மாவட்டத்தில் இந்த மாதிரிக் கல் எங்கே தோண்டினாலும் வரும். ஜனங்கள் வேடியப்பன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். சிஸ்டர் அது யார் என்று விசாரித்தார். மாட்டைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் என்றார்கள். "அவரு பேரு?" யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் டம்ளரில் மிச்சம் வைத்து அங்கேயும் கொண்டுபோய் ஊற்றினார். "மாடு காப்பாத்துன பெரியவரே" என்று தமிழில் கூப்பிட்டார். நான் இதைக் கண்ணால் பார்த்தேன். அன்று மதியமே கடிதாசி எழுதினேன்.

ஃபாதர் எனக்குக் கொடுத்த தண்டனை சின்னது. "என்கிட்ட கேட்டதெல்லாம் நீங்களே போயி அவங்ககிட்டக் கேளுங்க" என்றார். போனேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். டம்ளரை வைத்ததும், "என்ன சேதிங்க ஐயா?" என்றார். சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அப்படிக் கோபப்பட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் சிரித்தார்.

"எங்க தாத்தா எங்க குடும்பத்துல பெரியவங்களுக்குத் தண்ணி ஊத்தறவருங்க. எங்கப்பா உங்கள மாதிரி உபதேசியாரு. நான் மடத்துக்குக் கௌம்புன அன்னிக்குக் காலைல ரெண்டு பேரும் வாசப்படில நின்னாங்க. தாத்தா தண்ணி ஊத்தி எல்லாப் பெரியவங்களையும் கூப்புட்டு, 'இந்தப் புள்ள போறா, கூடப் போங்க'ன்னாரு. அப்பா 'பரலோகத்துல இருக்கற எங்கள் பிதாவே'ன்னு ஜெபம் சொன்னாரு. நான் ரெண்டுக்கும் ஆமென் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணாகிடுமா சிஸ்டர்?"

"தாத்தாவையும் அப்பாவையும் படைச்சது ஒரே ஆண்டவர்தானுங்களே."

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு வந்தேனே தவிர, மனசுக்குள் முறைப்பு அப்படியே இருந்தது. அது உடைந்தது ஸ்டெல்லா கொண்டுவந்த சீட்டால்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்றைக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். குடும்பக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த இறந்தோர் பெயர்களை உபதேசியார் சத்தமாகப் படிப்பார். அந்த வருஷம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஸ்டெல்லா வந்து ஒரு சீட்டை நீட்டினாள். 'மாதையன்' என்று எழுதியிருந்தது. அவள் புருஷன். பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

மாதையன் நல்லவன். இந்துக் குடும்பத்துப் பையன், ஸ்டெல்லாவை விரும்பிக் கட்டிக்கொண்டவன். ஊரில் இருக்கிற ஞாயிறெல்லாம் பெண்டாட்டியோடு கோயிலுக்கு வருவான். உள்ளே வர மாட்டான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். ஞானஸ்நானம் எப்போ என்று கேட்டால், "வர்ற ஈஸ்டருக்குங்க" என்பான். எத்தனையோ ஈஸ்டர் வந்து போனது. செத்ததும் அவன் வீட்டார் தங்கள் காட்டிலேயே புதைத்தார்கள். ஆனால் அவன் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்துவிட்டான் என்று பங்காளிகள் தகராறு செய்ததில் கருமாதி செய்யவில்லை. தை மாசம் பெரியவர்களுக்குப் படைக்கும்போதும் அவன் பெயரைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அவன் வேதக்காரன். எங்கள் ஏட்டில் அவன் இல்லவே இல்லை.

"மாமா, எங்கயாச்சும் ஒரு எடத்துல அவரக் கூப்புடணும்" என்றாள் ஸ்டெல்லா.

நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சட்டம் சட்டம்தான் என்றேன். அந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இருந்த உபதேசியார் சொன்னது, அவ்வளவுதான்.

மறுநாள் கோயில் அறையில் பூசைத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அதே சீட்டோடு வந்தார்.

"ஐயா, இதை ஏன் திருப்பிக் குடுத்தீங்க?"

"ஞானஸ்நானம் வாங்காத ஆளுங்க சிஸ்டர்."

"அவங்க வூட்ல கூப்புடறாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எங்க கூப்புடுவாங்க?"

"அது ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன். பதில் தெரியாத உபதேசியார்கள் எல்லாரும் சொல்வது இது.

அவர் என்னையே பார்த்தார். "கூப்புடறது நம்ம வேலைங்க. உள்ள வுடறது அவரு வேலை. அவரு வேலைய நீங்க எதுக்குப் பாக்கறீங்க?" என்றார். பிறகு, சும்மா ஊர்ச் சேதி கேட்பவர் போல, "உங்க அப்பா பேரு என்னங்க?" என்றார்.

"எங்கப்பா ஞானஸ்நானம் வாங்கலைங்க."

"அதை நான் கேக்கலைங்க. பேரக் கேட்டேன்."

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான் வேதத்தில் சேர்ந்தோம். அப்பா சேரவில்லை. நான் உபதேசியாராகி மூன்றாம் மாதம் அவர் இறந்தார். கருமாதி அன்று எல்லாரும் படையலுக்கு முன்னால் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டபோது, நான் ரோட்டில் போய் நின்றுகொண்டேன். அடுத்த ஞாயிறு அப்போதிருந்த ஃபாதர் பிரசங்கத்தில் என்னைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் அவர் பெயரை எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. மடித்து வைத்த பூசைத் துணியை மறுபடி பிரித்து மடித்தேன்.

"தீர்த்தகிரி" என்றேன்.

சிஸ்டர் மேஜை மேல் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். ஜன்னலைத் திறந்து வெளியே செம்மண்ணில் கொஞ்சம் ஊற்றி, "தீர்த்தகிரி ஐயா" என்று கூப்பிட்டார். உச்சரிப்பு கோணல்மாணலாக இருந்தது. நான் பூசைத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதை மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

மாதையன் பெயரைப் படிக்கலாமா என்று ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "தெனமும் பூசையில இறந்தோர் எல்லாருக்காகவும்தான் வேண்டறோம். நீங்களும் ஆமென் சொல்றீங்க. முப்பது வருஷமா எதுக்கு ஆமென் சொன்னீங்க?" என்றார். அவரும் என்னை விடுவதாக இல்லை.

மாதையன் பெயரைக் கல்லறைத் திருநாள் நோட்டில் எழுதிவிட்டேன் என்று சொன்னதும் சிஸ்டர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "தனியாவா கூப்புடறது? வழியில பயந்துக்குவாரு. அவரு அப்பா, தாத்தா பேரோட கூப்புடணும்" என்றார். ஸ்டெல்லாவுக்கு மாமனார் பெயர் தெரியும், அதற்கு மேல் தெரியாது. கேட்பதென்றால் மாமியாரிடம்தான் கேட்க வேண்டும். அந்த வாசலை அவள் ஒரு வருஷமாக மிதிக்கவில்லை. அந்தம்மா மிதிக்க விடவில்லை.

"வாங்க போலாம்" என்று சிஸ்டர் கிளம்பிவிட்டார். நோட்டு எழுத நானும் போனேன்.

குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் வீடு. ஸ்டெல்லா வரப்பிலேயே நின்றுவிட்டாள். மாதையனின் அம்மா வாசலில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் வாசலுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் தராமல் இருக்க அவராலும் முடியாது. உள்ளே போய்ச் சொம்பு கொண்டுவந்து சிஸ்டரிடம் நீட்டினார். சிஸ்டர் வலது கையால் வாங்கி, செருப்பைக் கழற்றி, கொஞ்சம் தண்ணீரை மண்ணில் விட்டார். உதடு அசைந்தது. பிறகுதான் குடித்தார்.

அந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "அது யாருக்கு ஊத்துனீங்க?"

"எங்க பெரியவங்களுக்குங்க. உங்க பெரியவங்களுக்கும் ஊத்தணும், பேரு தெரியலைங்களே. அதைக் கேக்கத்தான் வந்தோம்."

அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "வேதத்துல சேந்தா தாத்தம் பாட்டனையெல்லாம் வுட்டுடணும்னு நீங்கதான சொன்னீங்க? 'தாத்தனுக்குப் படைக்கக் கூடாதுங்கறாரும்மா உபதேசியாரு, அதான் யோசிக்கறேன்'னு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எம்பையன் சொல்லுவான்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. கோயில் வாசலில் அவன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டதும், நான் சட்டம் பேசியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் ஈஸ்டருக்கு ஈஸ்டர் தள்ளிப் போட்டது சோம்பலால் அல்ல. அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்தது நான். "தப்புத்தாங்க" என்றேன். 

அந்தம்மா கடலைக்காயை ஒதுக்கி உட்கார்ந்தார். "எழுதிக்கங்க" என்றார். "மொதல்ல கெம்பையன். இந்தக் காட்ட வெட்டித் திருத்துனவரு. அவரு பையன் முனியப்பன், எங்க மாமனாரு." பிறகு நிறுத்திவிட்டார். அடுத்தது செத்துப்போன அவர் புருஷன். எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்த வயதில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த சின்ன மகனைக் கூப்பிட்டு, "உங்கப்பன் பேரச் சொல்லுடா" என்றார். "சின்னப்பையன்" என்றான் அவன். நான் எழுதினேன்.

"எம்பையன் பேரு நான் சொல்றேன்" என்றார். சொன்னார். ஏற்கனவே எழுதியிருந்த பெயரை அவர் பார்க்கும்படி மறுபடி எழுதினேன். சிஸ்டர் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி நாலு பெயரையும் கூப்பிட்டார். வரப்பில் நின்ற ஸ்டெல்லாவை அந்தம்மா கண்டுகொள்ளவே இல்லை. நாங்கள் திரும்பி வந்தோம். ஒரு வார்த்தை கூடப் பேசவில்லையே என்று ஸ்டெல்லா வழியெல்லாம் அழுதாள். "பேரு குடுத்துட்டாங்க இல்ல, அது போதும்" என்றார் சிஸ்டர்.

சேதி எப்படியோ பரவிவிட்டது. அந்த வாரம் என் வீட்டு வாசலில் சீட்டும் கையுமாகக் கூட்டம். ஞானஸ்நானம் வாங்காத தகப்பன், மாமன், மூத்த தாரம், பிறந்து பேர் வைப்பதற்கு முன்னால் செத்த குழந்தை. ஊரில் இத்தனை பேர் இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நோட்டுப் போதவில்லை. இரண்டாவது நோட்டின் முதல் பக்கத்தில் என் அப்பா பெயரை எழுதினேன்.

சிஸ்டர் எங்கள் ஊரில் ஆறு வருஷம் இருந்தார். விசா முடிந்து போய்விட்டார். இப்போதும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். "மழ பேஞ்சுதுங்களா? தக்காளி என்ன வெல போவுது?" என்று அங்கிருந்து கேட்கிற குரலை பஸ் ஸ்டாண்டில் சத்தமாக வைத்துக் கேட்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாருங்க, உங்க சொந்தக்காரங்களா என்று கேட்பார்கள். ஆமாங்க என்பேன்.

அந்தக் கல்லறைத் திருநாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சாயங்காலம் நாலு மணி. மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், செவ்வந்திப் பூ, மெழுகுவர்த்தி. ஒவ்வொரு பெயரும் படித்ததும் எல்லாரும், "ஆண்டவரே, இவருக்கு இளைப்பாற்றி தாரும்" என்று சொல்ல வேண்டும். படித்துக்கொண்டே வந்தேன். ஸ்டெல்லா பிள்ளைகளோடு முன்னால் நின்றிருந்தாள். புதைத்த இடம் இங்கே இல்லாததால் கையிலேயே மெழுகுவர்த்தியைப் பிடித்திருந்தாள்.

"கெம்பையன்" என்று படித்தேன். "அவர் மகன் முனியப்பன். அவர் மகன் சின்னப்பையன். அவர் மகன் மாதையன்."

ஜனங்கள் ஜெபத்தைச் சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் பின்னால், கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்கதான்டா இருக்கறேன், மாதையா."

எல்லாரும் திரும்பினார்கள். அவன் அம்மா, சின்ன மகனைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தார். எங்கள் ஜெபம் அவருக்குத் தெரியாது. மகன் பெயர் கேட்டதும், பெற்றவள் எப்படிப் பதில் சொல்வாளோ அப்படிச் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஃபாதர் தீர்த்தச் செம்போடு அப்படியே நின்றார். சிஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். கேட்டருகில் அவர் கொஞ்சம் தயங்கினார், சிஸ்டர் விடவில்லை. நேராக ஸ்டெல்லாவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்தம்மா மருமகளைப் பார்க்கவில்லை. பேரனின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். "பையன் ஏன் இப்பிடி எளச்சுக் கெடக்கறான்? வேளைக்குச் சோறு போடறியா, இல்லியா?" என்றார்.

"போடறேங்க அத்த" என்றாள் ஸ்டெல்லா. மெழுகுவர்த்தியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

ஜனங்கள் காத்திருந்தார்கள். நான் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, "மாதையன்" என்று கூப்பிட்டேன்.